ஊட்டிக் குளிரும் இரண்டு சின்ன நாய்களும்

வணக்கம். உங்கள் டாஷ்ஹண்டும் பொமரேனியனும் ராத்திரி நடுங்குகின்றன, காலையில் டாஷ்ஹண்ட் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது, அறையில் கரி அடுப்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே இருக்காது. நாய்க்கு மட்டுமல்ல, உங்கள் உயிருக்கும் ஆபத்து. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, படுக்கையின் ஒரு ஓரத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்து படுக்க இடம் வேண்டும். படுக்கை சிமெண்டுத் தரையில் படாமல் பலகை மேல் இருக்கட்டும்.

டாஷ்ஹண்டைத் திட்டாதீர்கள், பாவம். ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி. அதன் வயிறோ தரையை ஒட்டித்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு மகாராஜாவும் படியில் நின்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். இப்போது காலையில் புல்மேல் ஒரு பழைய சாக்கை விரித்துவிடுகிறேன். நேராக அதன்மேல் போய் வேலையை முடித்துவிட்டு உள்ளே ஓடி வருகிறான்.

அப்புறம், பொமரேனியனுக்கு முடி வெட்டியிருக்கிறீர்களா? அவ்வளவு ரோமம் இருந்தும் நடுங்குகிறது, சாப்பாடும் குறைந்திருக்கிறது என்றால், குளிர் என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.