மகள் பள்ளியிலேயே சாப்பிடட்டும், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு 1978 ஞாபகம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, நான்கு வயது மகள் செப்டம்பரில் ரிசப்ஷன் என்ற ஆரம்ப வகுப்பில் சேரப்போகிறாள், பள்ளி அனுப்பிய தாளில் 'ஸ்கூல் டின்னர் இலவசம்' என்று போட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி வரைக்கும் பிள்ளையை வைத்துக்கொள்வார்களா, விசாவில் அரசு உதவி வாங்கக்கூடாது என்று இருக்கிறதே, இதை வாங்கினால் வம்பாகுமா, பேசாமல் தயிர்சாதம் கட்டிக்கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இங்கிலாந்தின் இந்த வடக்குப் பக்கத்தில் டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடு. லண்டன்காரர்கள் வீட்டில் எப்படிச் சொன்னாலும், பள்ளிக்கூடத்தில் மட்டும் நாடு முழுக்க அது ஸ்கூல் டின்னர்தான். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 2014 செப்டம்பரிலிருந்து ரிசப்ஷன், இயர் ஒன், இயர் டூ பிள்ளைகள் எல்லோருக்கும் அது இலவசம். அப்பா என்ன சம்பாதிக்கிறார், என்ன விசா என்றெல்லாம் பார்ப்பதில்லை. விசாவில் சொல்லும் 'பொது நிதி' பட்டியலில் பள்ளிச் சாப்பாடு கிடையாது. தைரியமாக வாங்கலாம். இயர் த்ரீயிலிருந்து காசு கட்டவேண்டிவரும். வருமானம் குறைவாக இருந்தால் விசாவில் இருப்பவர்களுக்கும் சலுகை உண்டு, பள்ளி ஆபீஸில் கேளுங்கள்.

சரி, தயிர்சாதமா டின்னரா என்பதற்கு வருகிறேன். அதற்கு என் கதையைச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

நாங்கள் வந்தது லீட்ஸுக்குப் பக்கத்து ஊரான பிராட்ஃபர்டுக்கு, நல்ல ஜனவரிக் குளிரில். அப்பா ஆஸ்பத்திரி டாக்டர். எனக்கு எட்டு வயது, என் தம்பிக்கு ஐந்து. அதுவரை பாளையங்கோட்டையில் தாத்தா வீட்டில் இருந்து தமிழில் படித்தவள் நான். இங்கிலீஷில் ஏ பி சி டியும் நூறு வரை எண்ணவும் தெரியும், அவ்வளவுதான். முதல் நாள் மத்தியானம் பெரிய ஹாலில் மடக்கு மேஜைகளைப் போட்டு, மேஜைக்கு எட்டுப் பேராக உட்காரவைத்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பரிமாறினார்கள். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் தலைகீழாகத் தூக்கி அடியைப் பார்த்தாள். டியூராலெக்ஸ் என்ற கெட்டியான கண்ணாடி டம்ளர் அது. அடியில் சின்னதாக ஒரு எண் இருக்கும். அந்த எண்தான் அன்றைக்கு உன் வயது. இந்த நாட்டில் அந்தக் காலத்தில் பள்ளியில் சாப்பிட்ட யாரைக் கேட்டாலும் இந்த விளையாட்டைச் சொல்வார்கள். அவள் 'ட்வென்ட்டி செவன்' என்று சொல்லிவிட்டு என் டம்ளரைக் காட்டினாள். நான் கவிழ்த்துப் பார்த்து 'ஃபார்ட்டி டூ' என்றேன். மேஜையே சிரித்தது, நானும் சிரித்தேன். இந்த நாட்டுப் பிள்ளைகளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் இன்றைக்கும் என் தோழி.

சாப்பாடு? உப்பில்லை, உறைப்பில்லை. முட்டைகோஸை நிறம் போகும்வரை வேகவைத்துத் தண்ணீரோடு தட்டில் போடுவார்கள். அந்தத் தண்ணீர் மெல்ல ஓடிப்போய் உருளைக்கிழங்கு மசியலில் ஊறும். மசியலை ஐஸ்கிரீம் கரண்டியால் உருண்டையாக வைப்பார்கள், உள்ளே வேகாத கட்டிகள் இருக்கும். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை மீன் என்றால் வியாழக்கிழமையே சந்தோஷம் வந்துவிடும்.

ஈரலை மட்டும் மறக்கமுடியவில்லை. ஆச்சி ஆட்டு ஈரலை மிளகுபோட்டுச் சுருளச் சுருள வறுப்பாள். 'லிவர்' என்றால் அதுதான் என்று தோழி கைஜாடையில் சொன்னதும் ஆசையாகத்தான் வாங்கினேன். சாம்பல் நிறத்தில் ரப்பர்போல ஒரு துண்டு, நடுவில் வெள்ளையாக ஒரு குழாய். வாயில் வைத்ததும் குமட்டியது. தட்டைக் காலிசெய்யாமல் எழுந்திருக்கக் கூடாது என்றார் மேற்பார்வை பார்த்த ஆசிரியர். மற்ற பிள்ளைகள் விளையாடப் போய்விட்டார்கள். மேஜைகளை மடக்கிச் சுவரோரம் தள்ளினார்கள், நாற்காலிகளை அடுக்கினார்கள், என் மேஜையும் நாற்காலியும் மட்டும் நடு ஹாலில். மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். குழம்பு ஆறி மேலே கொழுப்பு ஆடை கட்டியது. இன்றைக்கும் நாற்காலி அடுக்கும் சத்தம் கேட்டால் அந்தத் தட்டுதான் எனக்குக் கண்ணில் வரும்.

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பம். அம்மாவும் பள்ளியில் 'நோ பீஃப்' என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் 'மின்ஸ்' என்று போட்ட கொத்துக்கறி மாடுதான் என்று எனக்குத் தெரியாது, பரிமாறுகிறவர்களும் சொல்லவில்லை. நான்கு மாதம் சாப்பிட்டிருக்கிறேன். விஷயம் தெரிந்த அன்று அம்மா என்னைத் திட்டவில்லை, சமையலறையில் போய் நின்று அழுதாள். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் எதைச் சாப்பிடமாட்டீர்களோ அதை எழுதிக்கொடுங்கள். மின்ஸ், கிரேவி, ஜெல்லி என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். கிரேவியில் மாட்டுச் சாறு இருக்கலாம், ஜெல்லியில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கலாம்.

இனி நல்ல பக்கம். ஒரு நாள் புட்டிங்குக்கு, அதாவது சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்புக்கு, வெள்ளையாக, கூழாக ஒன்று வந்தது. நடுவில் ஒரு கரண்டி சிவப்பு ஜாம். எல்லோரும் முகம் சுளித்தார்கள். நான் வாயில் வைத்தேன். ரவை! ஏலக்காய் இல்லை, நெய் இல்லை, முந்திரி இல்லை, ஆனாலும் ரவைதான். ஜாமைக் கலக்கக் கலக்க ரோஸ் நிறமாக மாறியது. என் கிண்ணத்தை வழித்துவிட்டு, தோழி வேண்டாமென்று தள்ளியதையும் சாப்பிட்டேன். அடுத்த வாரம் ஜவ்வரிசி. பிள்ளைகள் அதைத் தவளை முட்டை என்பார்கள். எனக்கு அது பாயசம். அப்புறம் பால்சோறும் வந்தது. ரைஸ் புட்டிங் என்று பெயர், ஓவனில் வைத்து மேலே பழுப்பாக ஆடை படிந்திருக்கும். அந்த ஆடைக்காக இரண்டு பேர் சண்டைபோடுவார்கள், ஆறு பேர் ஓடுவார்கள். நான் சண்டைபோடுகிற கட்சி.

பரிமாறும் ஜன்னலில் ஒரு டின்னர் லேடி, அதாவது பள்ளியில் சாப்பாடு போடுகிற அம்மா, இருந்தார். எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், யார்க்‌ஷயரில் அது 'கண்ணு' மாதிரி. நான் ரவையை வழிப்பதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து ரவை போடும் நாளில், பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் பிடித்துத் தீய்ந்த வாசத்தோடு இருப்பதைச் சுரண்டி எனக்கென்று தனியாக எடுத்துவைப்பார். ஈரல் நாளில் என் தட்டில் மசியலும் பட்டாணியும் மட்டும் வைத்து, ஆசிரியர் கேட்குமுன் அவரே ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிடுவார். அவர் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லையே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

இலவசம் என்றால் குறைவாகப் பார்ப்பார்களோ என்றும் உங்களுக்கு ஒரு தயக்கம் தெரிகிறது. அன்றைக்கு அது உண்மைதான். திங்கட்கிழமை காலை வகுப்பிலேயே டின்னர் காசு வாங்குவார்கள். நாங்கள் ஒன்றேகால் பவுண்டைக் கவரில் போட்டுக் கொடுப்போம். காசு கொடுக்காதவர்கள் எழுந்து 'ஃப்ரீ' என்று சொல்லவேண்டும். இன்றைக்குப் பல பள்ளிகளில் எல்லாமே ஆன்லைன் கணக்கு, யார் கட்டுகிறார்கள் என்று பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. உங்கள் மகள் வகுப்பில் எல்லோருக்குமே இலவசம். இந்த ஏற்பாடு வந்த வழியும் கௌரவமானது. 1907-ல் அதே பிராட்ஃபர்டில் 40 ஏழைப் பிள்ளைகளுக்குக் காலையும் மத்தியானமும் சாப்பாடு போட்டு வாராவாரம் எடைபார்த்தார்கள். எடை ஏறியது, விடுமுறை வந்ததும் இறங்கியது. மேஜைவிரிப்பு விரித்து, பூ வைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். பசித்த பிள்ளைக்கு மரியாதையாகப் போடவேண்டும் என்று நினைத்திருக்கிறார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1944 கல்விச் சட்டம் பள்ளிச் சாப்பாட்டை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது.

நடுவில் கெட்டும் போனது. 1980 சட்டம் சத்து அளவுக்கான விதிகளையே எடுத்துவிட்டது. என் மகன் 2003-ல் பள்ளியில் சேர்ந்தபோது சிப்ஸும் வான்கோழிக் கறியைச் சுருளாகப் பொரித்த டர்க்கி ட்விஸ்லரும்தான். 2005-ல் ஜேமி ஆலிவர் என்ற பிரபல சமையல்காரர் டிவியில் அதைப் போட்டு உடைத்தார், அடுத்த ஆண்டே விதிகள் திரும்பத் தொடங்கின. இப்போது இருக்கும் விதி 2015 ஜனவரியில் வந்தது. பொரித்தது வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது, தினமும் காய், தினமும் பழம்.

ஆகவே என் பதில், டின்னருக்கே அனுப்புங்கள். மெனு பெரும்பாலும் மூன்று வாரச் சுழற்சியில் முன்கூட்டியே வரும். ராத்திரி மகளோடு உட்கார்ந்து மறுநாளைக்கு என்ன என்று பேசுங்கள். ஒரு முறை வீட்டில் உருளைக்கிழங்கை முழுசாகச் சுட்டு, பிளந்து, சீஸும் டின்னில் வரும் பேக்டு பீன்ஸும் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஜாக்கெட் பொட்டேட்டோ பல பள்ளிகளில் அடிக்கடி வரும், எதுவும் பிடிக்காத நாளில் அது கைகொடுக்கும். கத்தி, முள்கரண்டி பிடிக்கவும் இப்போதே பழக்குங்கள். வகுப்பு ஆசிரியரிடம் 'சாப்பிடவில்லையென்றால் வற்புறுத்தாதீர்கள், எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்' என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள்.

சாயங்காலம் கேட்டில் நின்று கூட்டிவரும்போது 'எவ்வளவு சாப்பிட்டாய்' என்று கேட்காதீர்கள், 'இன்றைக்கு என்ன புட்டிங், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்' என்று கேளுங்கள். தயிர்சாதத்தை நாலு மணிக்கு வீட்டில் பிசைந்து வையுங்கள். பசியோடுதான் வருவாள்.