பதில்: பூவீன் கிராமம் நாமூரா, லியேஜா?

பெல்ஜியத்தில் இப்போது தினான் நகராட்சிக்குள் இருக்கும் பூவீனை ஒரு நூல் நாமூர் என்கிறது, தினானை இன்னொன்று லியேஜ் என்கிறது, எது தப்பு என்று கேட்டிருந்தீங்க. ரெண்டுமே சரிதான். நடுவில் ஓடும் மியூஸ் ஆற்றை மறந்துட்டீங்க.

இடைக்காலத்தில் இடக்கரையிலிருந்த பூவீன் நாமூர் கோமகனுடையது. வலக்கரைத் தினான் லியேஜ் இளவரச ஆயரின் (நாட்டையும் ஆண்ட கிறிஸ்தவ ஆயர்) ஆட்சியில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் இரண்டு அரசுகள்! இரண்டு ஊருக்கும் செம்பு, பித்தளைப் பாத்திரம்தான் பிழைப்பு. ஒரே தொழில், ஒரே ஆறு, சண்டைக்கு வேறென்ன வேணும்? தினான் பித்தளை அவ்வளவு பேர் பெற்றதால் பிரெஞ்சில் இன்றும் அந்த வேலைக்கு 'தினாந்தரி' என்றே பேர்.

1466-இல் பர்கண்டிப் படை தினானைச் சூறையாடியது. பூவீனின் முறை 1554-இல் வந்தது. பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றியின் படை ஊரை அழித்தது. மேலே குன்றில் இடிந்து நிற்கும் க்ரெவ்கேர் கோட்டை அப்போது விழுந்ததுதான். மூன்று பெண்கள் அதன் உச்சியிலிருந்து குதித்தார்கள் என்பது ஊர்க்கதை; எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

போனால் பாலம் தாண்டாதீங்க. தினான் ரயில் நிலையமும் இடக்கரையில்தான், அப்படியே ஆற்றோடு வடக்கே நடந்தால் பூவீன். சதுக்கத்திலுள்ள 'ஸ்பானிய வீடு' இப்போது மியூஸ் பள்ளத்தாக்கின் இடைக்கால வரலாற்றுக்கான அருங்காட்சியகம். உங்க குழப்பத்துக்கு அங்கேயே முழு விடை கிடைக்கும்.