கேளுங்கள், சொல்கிறோம்: கென்யாவுக்குக் குடும்பமாக ஊழியப் பயணம்

மேற்குக் கென்யாவின் கிசுமு, ககமேகா, புங்கோமா பகுதிச் சபைகளின் அழைப்பின்பேரில் குடும்பத்தோடு இரண்டு வாரம் போய் வர நினைக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

கணவன், மனைவி, 11 வயது மகன், 3 வயது மகள் என நான்கு பேர் போகிறோம். மே மாதப் பள்ளி விடுமுறையில் அங்கே வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்த ஆசை. எப்போதிலிருந்து ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்?
– வாசகர், பாளையங்கோட்டை

முதலில் தேதியை மாற்றுங்கள். நமக்கு மே விடுமுறை என்றால் அவர்களுக்கு மே பள்ளி நாள். கென்யாவில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி மூன்று பருவமாக நடக்கிறது. பிள்ளைகள் வீட்டில் இருப்பது ஏப்ரலில் சில வாரம், ஆகஸ்டில் சில வாரம், பிறகு நவம்பர், டிசம்பர். மேயில் போனால் காலை பத்து மணிக்கு உங்கள் எதிரே பாலர் வகுப்புக் குழந்தைகள் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதோடு மார்ச் முதல் மே வரை அங்கே நீண்ட மழைக்காலம். கிராமத்து மண் சாலையில் வண்டி சிக்கினால் அரை நாள் போய்விடும். தகர ஓட்டின்மேல் மழை கொட்டும்போது கதை சொல்பவரின் குரல் மூன்றாவது வரிசைக்குக்கூட எட்டாது.

ஆகஸ்ட்தான் நல்ல மாதம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி இருக்கும். பத்து நாள் விடுப்பு வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் ஏப்ரல் இறுதியைப் பாருங்கள். “எங்கள் தேர்வு முடிவதற்குள் உங்கள் இரண்டாம் பருவம் தொடங்கிவிடுமா” என்று அங்குள்ள போதகரிடம் அந்த ஆண்டின் தேதியையே கேட்டு வாங்குங்கள். டிக்கெட்டைப் போட்டுவிட்டு, இந்தத் தேதியில் வருகிறோம் என்று எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு. விருந்தாளியிடம் முடியாது என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது. சரி என்பார்கள், பிறகு அவர்கள்தான் கஷ்டப்படுவார்கள்.

ஆறு மாதத்துக்கு முன் தொடங்கினால் போதும். முதல் இரண்டு மாதம் சபையோடு பேசி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு. அதன்பின் பாஸ்போர்ட்டுகளைப் பாருங்கள். திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் என்பதால் பெரும்பாலும் அதுதான் காலாவதியாகி நிற்கும்.

வி.பி.எஸ். பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 80 பிள்ளைகள் என்று எழுதுவார்கள், இரண்டாம் நாள் 250 பேர் வந்து நிற்பார்கள். எண்ணி எடுத்துப்போன 80 கைவேலைப் பொட்டலத்தால் அங்கே அழுகையும் தள்ளுமுள்ளும்தான் வரும். அதனால் எண்ணிக் கொடுக்கும் பொருளே இல்லாத நிகழ்ச்சியாகத் திட்டமிடுங்கள். பாட்டு, கதையை நடித்துக் காட்டுதல், கயிறு இழுத்தல், பந்து ஆகியவை போதும். 15 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், அந்த ஆசிரியர்கள் உள்ளூர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களாகவே இருக்கட்டும். முதல் இரண்டு நாளை அவர்களோடு உட்கார்ந்து பாடத்தைத் தயாரிக்க ஒதுக்குங்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் அந்தப் பாடம் அங்கே நடக்கும். இடைவேளையில் கொடுக்க ஊஜி என்ற கஞ்சியே போதும். கேழ்வரகிலோ சோளத்திலோ காய்ச்சுவது, நம் கூழுக்குத் தங்கை. அதற்கான மாவு, சர்க்கரை, விறகுச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். காய்ச்சுவதைச் சபைப் பெண்களிடம் விட்டுவிடுங்கள்.

தடுப்பூசி என்னென்ன? எங்களோடு 64 வயது அம்மாவும் வர விரும்புகிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் முதலில். மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசுவால் பரவும் வைரஸ் நோய். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. அதனால் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கேட்பது திரும்பி வரும்போது, நம் விமான நிலையத்தில். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்பதால், சான்றிதழ் இல்லாமல் இறங்குபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இந்தியச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள், சான்றிதழில் அந்த எண் ஏறும்.

ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும், முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதைப் போடுவதில்லை. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடும்போது அபூர்வமான, ஆனால் கடுமையான பக்கவிளைவுக்கு வாய்ப்பு கூடுகிறது. ஆகவே அம்மாவை இந்தப் பயணத்துக்கு அழைத்துப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மஞ்சள் காய்ச்சல் ஊசி, வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசி. குழந்தைக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசி பாக்கி இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் இந்தக் கணக்கு இடிக்கும். டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகளையும் குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

அடுத்தது மலேரியா. நைரோபி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு. விக்டோரியா ஏரிப் பக்கம் அப்படியில்லை, ஆண்டு முழுவதும் மலேரியா உண்டு. குளோரோகுயின் அங்கே பயன்படாது, கிருமி அதை எப்போதோ வென்றுவிட்டது. பயன்படும் தடுப்பு மாத்திரைகள் மூன்று. அடோவாகுவோன்-புரோகுவானில்: கிளம்புவதற்கு 1–2 நாள் முன்பு தொடங்கித் தினமும், திரும்பி வந்த பின் 7 நாள். டாக்சிசைக்ளின்: அதேபோல் தொடங்கித் தினமும், ஆனால் திரும்பிய பின் நான்கு வாரம், எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது. மெஃப்ளோகுயின்: வாரம் ஒன்று, இரண்டு வாரம் முன்பே தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம், வலிப்போ மனநலக் கோளாறோ இருந்தவர்களுக்குக் கூடாது. முதலில் சொன்னது எல்லாக் கடையிலும் இருக்காது, ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். குழந்தைக்கு அளவு எடையைப் பொறுத்தது, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஊர் வந்து சேர்ந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது பெரும் தவறு. கல்லீரலில் தங்கியிருந்த கிருமி அதன்பிறகுதான் இரத்தத்துக்கு வரும். மூன்று மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் “ஆப்பிரிக்கா போய் வந்தோம்” என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, வைரஸ் என்று இரண்டு நாள் போய்விடும். கொடிய வகையான ஃபால்சிபாரம் மலேரியாவில் அந்த இரண்டு நாள் உயிரைக் காக்கும் நாள்.

ஏரியில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். நன்னீர் நத்தை மூலம் பரவும் சிஸ்டோசோமியாசிஸ் நோயின் புழு தோல் வழியே நுழையும்.

நான் நர்ஸ். ஒரு நாள் மருத்துவ முகாம் நடத்தலாமா? விசா எது எடுப்பது?
– வாசகி, வேலூர்

2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசா கிடையாது. அதற்குப் பதிலாக இடிஏ என்ற மின்னணு அனுமதியை இணையத்தில் வாங்க வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. சபையின் அழைப்புக் கடிதம், தங்குமிட விவரம், டிக்கெட் மூன்றையும் வைத்து இரண்டு வாரத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். போவதன் காரணத்தை உள்ளபடியே எழுதுங்கள். ஊழியம் செய்யப் போகிறவர்களுக்குச் சிறப்பு அனுமதிச் சீட்டு தேவையா என்று குடிவரவுத் துறையிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டியது உங்களை அழைக்கும் சபையின் பொறுப்பு. சுற்றுலா என்று எழுதிவிட்டு மேடையில் நின்றால், மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, அந்தப் போதகரும்தான்.

முகாம் நடத்தலாம், ஆனால் நம் ஊர்ப் பதிவு அங்கே செல்லாது. மருத்துவருக்கு கென்ய மருத்துவக் கவுன்சிலும் நர்ஸுக்கு கென்ய நர்ஸிங் கவுன்சிலும் தற்காலிக உரிமம் தர வேண்டும். பை நிறைய சாம்பிள் மாத்திரை எடுத்துப்போவது சட்டத்துக்கும் புறம்பு, நோயாளிக்கும் நல்லதல்ல. ஒரே நாளில் 300 பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்து ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் இரண்டாம் மாதம் யார் கொடுப்பார்கள்? அங்குள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தின் ஊழியர்களோடு சேர்ந்து, தாய்மாருக்குக் கைகழுவுதல், வயிற்றுப்போக்குக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் கலக்கும் விதம் ஆகியவற்றைக் கற்றுக்கொடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு ஆறு சமன் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதற்கு உரிமமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

ஞாயிறு ஆராதனையில் செய்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

மொழிபெயர்ப்போடு பேசினால் நேரம் இரட்டிப்பாகும். 20 நிமிடத்துக்குத் தயாரித்தால் 40 நிமிடம் ஓடும். ஒரு மூச்சில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். தமிழ் எதுகை மோனையை நம்பி நிற்கும் செய்தி அங்கே உதிர்ந்துவிடும். முதல் நாளே மொழிபெயர்ப்பாளரோடு அமர்ந்து வேத பகுதியை ஸ்வாஹிலியில் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் “ப்வானா அசிஃபிவே” என்று சொல்லுங்கள். நம் “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” போன்றது, சபை முழுவதும் “ஆமென்” என்று எழும்.

மணியை இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுகிறது. காலை ஏழுதான் அவர்களுக்கு ஒன்று. “சா தாத்து”, அதாவது மூன்று மணி என்றால் நம் காலை 9. பேதுருவும் யோவானும் ஒன்பதாம்மணி நேரத்தில் தேவாலயத்துக்குப் போனது பிற்பகல் மூன்றுக்கு அல்லவா, அதே கணக்கு.

அனாதை இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு ஒரு நாள் செலவிடலாமா? துணிமணி, பணம் எப்படிக் கொடுப்பது?
– வாசகர், மதுரை

இல்லத்துக்குப் போக வேண்டாம். அங்குள்ள பல பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உறவினரோ உண்டு, வறுமையால் விடப்பட்டவர்கள். பார்வையாளர் பணம் வருவதால் இல்லங்கள் பெருகின. 2017-இல் கென்ய அரசு புதிய இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்தியது. வாரம் ஒரு புதுமுகம் வந்து கொஞ்சிவிட்டுப் போவது பிள்ளையின் மனதை அறுக்கும். பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கும் பாட்டிக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட உதவும் சபைத் திட்டம் இருந்தால் அதில் சேருங்கள்.

பழைய துணி வேண்டாம். மிட்டும்பா என்ற பழந்துணிச் சந்தை அங்கே ஊருக்கு ஊர் உண்டு. பணத்தைச் சபைக் கணக்கில், இருவர் கையெழுத்திடும் கணக்கில், ரசீதோடு கொடுங்கள். ஒருவருடைய எம்-பெசா (கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றம்) எண்ணுக்குத் தனியாக அனுப்ப ஆரம்பித்தால் சபைக்குள் மனக்கசப்பு வரும். அந்நியச் செலாவணி நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை வாங்கலாம். கிழிந்த, பழைய வரிசை டாலரை அங்கே வாங்க மாட்டார்கள், புது நோட்டாகக் கேளுங்கள்.

மூட்டையில் வேறென்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, தூத்துக்குடி

பிளாஸ்டிக் கேரி பை வேண்டாம், 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் தடை. முறுக்கு, பருப்புப்பொடியைத் துணிப்பையிலோ டப்பாவிலோ வையுங்கள். சுவர்ப் பிளக் மூன்று செவ்வக முனை, நம்முடையது சேராது, இரண்டு அடாப்டர் போதும். மருந்துகளை அசல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். ஆகஸ்டில் இரவு குளிரும், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.