கணினிக் கேள்வி–பதில்: ஏஐ உதவியாளரை இடம் மாற்றும்போது

கேள்வி: கொட்டாஞ்சேனையில் கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறோம். அலுவலகக் கணினியில் ஒல்லாமாவும் (ஏஐ மொடல்களை ஓட்டும் மென்பொருள்) ஓப்பன் வெப்யூஐயும் (அதனோடு உரையாடும் இணையப் பக்கம்) போட்டு ஓர் ஏஐ உதவியாளரை வைத்திருக்கிறோம். மின்வெட்டுத் தொல்லையால் வாடகை சேவருக்கு மாற்றப் போகிறோம். மொத்தம் 60 ஜிபி. அப்படியே கொப்பி பண்ணினால் போதுமா?

பதில்: முழுவதையும் கொப்பி பண்ணத் தேவையில்லை. அந்த 60 ஜிபியில் பெரும்பங்கு மொடல் கோப்புகளாகத்தான் இருக்கும். லாமா 3.1இன் 8 பில்லியன் மொடல் ஒன்றே ஏறக்குறைய 4.9 ஜிபி. உங்கள் இணைப்பின் அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 60 ஜிபியை ஏற்ற 13 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். மாத டேட்டாவும் கரையும். ஒல்லாமாவின் ‘லிஸ்ட்’ கட்டளை தரும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, புதிய சேவரிலிருந்தே அந்த மொடல்களை இறக்குங்கள். நீங்களே அறிவுறுத்தல் எழுதி உருவாக்கிய மொடல் இருந்தால், அதன் செய்முறைக் கோப்பான மொடல்பைலை ‘ஷோ’ கட்டளையால் எடுத்துச் சேமியுங்கள். அது சில கிலோபைட் எழுத்துதான். ஆனால் அதை வேறெங்கும் இறக்க முடியாது.

கவனம் முழுவதும் வேண்டியது வெப்யூஐயின் டேட்டா கோப்புறைக்கு. உரையாடல்களும் பயனர் கணக்குகளும் இருக்கும் டேட்டாபேஸ், ஏற்றிய ஆவணங்கள், அவற்றைப் பொருள்படி தேட உதவும் வெக்டர் சுட்டி மூன்றும் அங்கேதான் கிடக்கின்றன. வெப்யூஐ ஓடும் டொக்கர் கொண்டெய்னரை (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் முறை) நிறுத்திய பிறகே அதைத் தொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைக் கொப்பி பண்ணினால் பாதி எழுதிய பக்கங்களும் சேர்ந்து வரும். கோப்பு திறந்தாலும் சில நாட்களுக்குப் பிறகுதான் பழுது தெரியும். நிறுத்தி, ஆர்சிங்க் என்ற கொப்பிக் கருவி மூலம் அனுப்பி, இரு பக்கமும் கோப்பின் கைரேகை போன்ற ‘எஸ்எச்ஏ 256’ தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

லொகின்களைக் காக்கும் இரகசியச் சாவியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டொக்கரில் நீங்களாக ஒரு சாவி கொடுக்காவிட்டால் வெப்யூஐ தானே ஒன்றை உருவாக்கி, டேட்டா கோப்புறைக்கு வெளியே வைத்துக்கொள்ளும். புதிய இடத்தில் வேறு சாவி பிறந்தால் எல்லோரும் லொகவுட் ஆவார்கள், மறைகுறியாக்கிச் சேமித்த இணைப்புகளும் திறக்காது. பழைய சாவியை எடுத்துப் புதிய சேவரில் சூழல் மாறிகள் (மென்பொருள் தொடங்கும்போது வாசிக்கும் அமைப்புகள்) இருக்கும் கோப்பில் எழுதுங்கள். அந்தக் கோப்புக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் வாசிக்கலாம், எழுதலாம்) போதும்.

முதலில் அதே பதிப்பை நிறுவுங்கள். புதிய பதிப்பு தொடங்கும்போதே டேட்டாபேஸின் அமைப்பை மாற்றிவிடும். பிறகு பழையதற்குத் திரும்புவது பெரும்பாடு. எல்லாம் ஓடுகிறதென்று கண்ட பிறகு பதிப்பை உயர்த்தலாம்.

மொடல்களைக் கையால் கொண்டுவந்தே தீருவேன் என்பவர்கள் கோப்புகளின் உரிமையாளரைப் பாருங்கள். லினக்ஸில் ஒல்லாமா தன் பெயரிலேயே ஒரு பயனராக ஓடுகிறது. ரூட் என்ற நிர்வாகப் பயனராகக் கொப்பி பண்ணினால் அதற்கு வாசிக்க அனுமதி இல்லாமல் போய், பட்டியல் வெறுமையாக வரக்கூடும்.

இன்னும் இரண்டு. ஒல்லாமாவின் 11434 போர்ட்டை (இணைப்பு வாசல்) இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். ஒல்லாமா கடவுச்சொல் கேட்பதில்லை. டொக்கர் திறக்கும் போர்ட்கள் உபுண்டுவின் யூஎப்டபிள்யூ ஃபயர்வோல் தடுப்பைத் தாண்டியும் போகும். மற்றது, சேவர் வெளிநாட்டில் இருந்தால் வாடிக்கையாளர் விபரம் எல்லை தாண்டுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதையும் பேசுகிறது. கணக்காய்வு அலுவலகம் என்பதால் மாற்றுவதற்கு முன்பே சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் சங்கத்தின் ஆவணங்களைப் புதிய சேவரில் ஏற்றினோம். ஆங்கில ஆவணங்களிலிருந்து சரியாகப் பதில் வருகிறது, பழைய தமிழ்க் கடிதங்களிலிருந்து வருவதேயில்லை. சில கோப்புகள் ஒரே பெயரில் இரண்டு முறை தெரிகின்றன. ஏன்?

பதில்: அந்தக் கடிதங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவையாக இருக்க வேண்டும். பாமினிக் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. உதவியாளருக்கு எழுத்துரு தெரியாது. ஒரு பந்தியைக் கொப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோட் (கணினி தமிழாகவே அறியும் குறியீடு); கிறுக்கலாக வந்தால் யூனிகோட் மாற்றிக்குள் போட்டு எடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த பக்கங்களானால் டெசராக்ட் போன்ற மென்பொருளைத் தமிழ்த் தரவுடன் ஓட்டி எழுத்தாக்குங்கள். இலக்கங்களையும் பெயர்களையும் ஓர் ஆள் சரிபார்ப்பது கட்டாயம். மாற்றியதை ஏற்றுமுன் பழைய பிரதியை அறிவுத்தொகுப்பிலிருந்து நீக்குங்கள். இல்லாவிட்டால் தேடலில் கிறுக்கலும் கலந்து வரும். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். ‘மூலம்’, ‘யூனிகோட்’ என இரண்டு கோப்புறைகளில் பிரித்து வையுங்கள், உதவியாளருக்கு இரண்டாவதை மட்டும் காட்டுங்கள்.

இரட்டைப் பெயருக்குக் காரணம் பெரும்பாலும் மெக் கணினி. ‘கொழும்பு’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு வேறு பெயர்கள். மெக்கிலிருந்து வரும் பெயர்கள் பிரிந்த வடிவில் இருப்பதுண்டு. ஆர்சிங்க்கின் ‘ஐகொன்வ்’ தெரிவு அனுப்பும்போதே இதைச் சேர்த்து எழுதிவிடும்.

பெயர் தமிழில் இருப்பதில் தவறில்லை, நீளந்தான் சிக்கல். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட் இடம் தருகிறது. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால் 85 குறியீடுகளோடு முடிந்துவிடும். ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு குறியீடுகள் வேண்டும். ‘2019-03 கூட்ட அறிக்கை’ என்பதுபோல ஆண்டை முதலில் போட்டுச் சுருக்கமாக வையுங்கள், வரிசையும் தானாக அமையும்.

ஆவணங்களை வெக்டராக்கும் எம்பெடிங் மொடலையும் மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு மொடல் உருவாக்கிய வெக்டரை இன்னொன்று கொண்டு தேட முடியாது. மாற்றியிருந்தால் எல்லா ஆவணங்களையும் மறுபடி சுட்டியிட வேண்டும்.

கேள்வி: காலை 6 மணிக்கு வரவேண்டிய செய்திச் சுருக்கம், உதவியாளரைப் புதிய சேவருக்கு மாற்றிய பிறகு 11.30க்கு வருகிறது. டெலிகிராமிலும் சில செய்திகளுக்கு மட்டுமே புதிய உதவியாளர் பதில் தருகிறது. — ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: புதிய சேவர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கும் அதற்கும் ஐந்தரை மணித்தியாலம். நேர வலயத்தை ‘ஏசியா/கொழும்பு’ என மாற்றி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் க்ரொன் சேவையை மறுபடி தொடங்குங்கள். கொண்டெய்னருக்குள் ஓடும் வேலையானால் அங்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

டெலிகிராமில் பழைய உதவியாளர் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே டோக்கனில் (டெலிகிராம் பொட்டின் சாவி) இரண்டு உதவியாளர்கள் செய்தி கேட்டால் ஒன்றுக்கு 409 பிழை வரும். லொக்கில் தேடினால் கிடைக்கும். பழையதை நிறுத்தினால் மட்டும் போதாது, மின்சாரம் போய் வந்ததும் கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கும். அந்தச் சேவையையே ‘டிஸேபிள்’ செய்யுங்கள். பிறகு டெலிகிராமில் பொட்களை நிர்வகிக்கும் பொட்பாதரிடம் அதே பொட்டுக்குப் புதிய டோக்கன் வாங்கிப் புதிய சேவரில் மட்டும் போடுங்கள். பழைய டோக்கன் அந்த நொடியே செத்துவிடும்.