பழைய கேம்பர் வேன்: திரைச்சீலையை விலக்கிப் பாருங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். பிள்ளைகளுக்கு 7 வயது, 2 வயது. வார இறுதியில் வேல்ஸ் பக்கம் போய்த் தங்கிவர ஒரு பழைய கேம்பர் வேன் (உள்ளேயே படுத்துத் தங்க வசதியுள்ள வேன்) வாங்க ஆசை. இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 1983 மாடல் ஃபோக்ஸ்வேகன் டி25 பெட்ரோல், மற்றது 1999 மாடல் டி4 டீசல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. டி25-ஐ விற்பவர், "இதற்கு எம்ஓடியும் வேண்டாம், வரியும் வேண்டாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வதில் பொய் இல்லை, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 40 வயதைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2018 மே முதல் வருடாந்திர எம்ஓடி, அதாவது வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை, கட்டாயமில்லை. ஹிஸ்டாரிக் (பழமையான வண்டி) வகையில் பதிந்துவிட்டால் சாலை வரியும் கிடையாது. அதாவது, சில வருடங்களாக யாருமே அந்த வண்டியின் அடியில் குனிந்து பார்க்காமல் இருந்திருக்கலாம். "ஒரு எம்ஓடி எடுத்துக் காட்டுங்கள், கட்டணம் என்னுடையது" என்று கேளுங்கள். மழுப்பினார் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பழைய சோதனை முடிவுகளை அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இலவசமாகவே பார்க்கலாம். மைலேஜ் ஏறிய விதமும், ஒவ்வொரு வருடமும் துருவைப் பற்றி எழுதிவைத்த எச்சரிக்கைகளும் அதில் இருக்கும்.

முதல் முறை வாங்குபவர்கள் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள். எஞ்சினை ஒரு மெக்கானிக் சரி செய்துவிடுவார். பாடி போய்விட்டால் டிங்கர் வேலைக்கு ஆகும் செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும். நான் முதலில் வாங்கிய வேனில் மஞ்சள் திரைச்சீலை, பளபளவென்று மர அலமாரி. மயங்கிவிட்டேன். முதல் மழையிலேயே மெத்தை நனைந்தது. அலமாரியைக் கழற்றிப் பார்த்தால், பின்னால் இருந்த தகரத்தில் விரல் நுழைந்தது!

டி25-இல் தகடுகள் சேரும் இணைப்புக் கோடுகள்தான் முதலில் துருப்பிடிக்கும். அடுத்தது சக்கர வளைவுகளும் ஜன்னல் ஓரங்களும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை அங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அடியில் இருப்பது பட்டி, இரும்பு இல்லை. தூக்குக் கூரையின் துணியை முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை பொய் சொல்லாது. முடிந்தால் மழை நாளில் போய்ப் பாருங்கள்.

எஞ்சின் பின்னால் இருக்கிறது, ரேடியேட்டர் முன்னால். நடுவில் வண்டியின் அடியில் ஓடும் நீளமான தண்ணீர்க் குழாய்களில் கசிவு இருக்கிறதா பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏனென்று கேளுங்கள். வாங்கிய வாரமே பெட்ரோல் ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அதிகச் செலவில்லை. வெடித்த குழாயால் பின்னால் தீப்பிடித்தால், ஓட்டுபவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். 2021 செப்டம்பர் முதல் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரண பெட்ரோலாக வரும் ஈ10-இல் எத்தனால் அதிகம், பழைய ரப்பருக்கு அது ஆகாது. சூப்பர் வகையான ஈ5 போடுங்கள்.

கேள்வி: அப்படியானால் டி4 வாங்குவதுதான் புத்திசாலித்தனமோ?

பதில்: ஓட்ட சுகம், வேகம் எல்லாவற்றிலும் அதுதான் மேல். ஆனால் ஹாரோ, 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் (அதிகம் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் லண்டன் பகுதி) எல்லைக்குள் வந்துவிட்டது. 1999 டீசல் அந்த விதிக்குத் தேறாது, அந்த எல்லைக்குள் ஓட்டும் நாளுக்கு 12.50 பவுண்டு. வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்பினால் 25 பவுண்டு. ஹிஸ்டாரிக் வகை டி25-க்கு ஒரு பென்னியும் இல்லை. தாத்தாவுக்கு இலவசம், பேரனுக்கு அபராதம் மாதிரிதான்!

கேள்வி: பிள்ளைகள் பின் சீட்டில் உட்காரலாமா?

பதில்: சீட் பெல்ட் இருந்தால் உட்காரலாம். பெல்ட் இல்லாத வண்டியில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றவே கூடாது என்பது சட்டம். பல பழைய வேன்களில் படுக்கையாக மாறும் பின் சீட்டுக்குப் பெல்ட்டே இருக்காது, அல்லது யாரோ பலகையில் திருகி வைத்திருப்பார்கள். குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். இரண்டு வண்டியிலும் முதலில் இதைப் பாருங்கள், துருவெல்லாம் அப்புறம்.

கேள்வி: தனியாரிடம் வாங்குவதா, டீலரிடமா?

பதில்: டீலரிடம் விலை கூடும். ஆனால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனியாரிடம் அந்த உரிமை இல்லை, அவர் வர்ணித்தபடி வண்டி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வி5சி என்னும் வண்டிப் பதிவுப் புத்தகத்தில் உள்ள முகவரியிலேயே போய் வண்டியைப் பாருங்கள். அது உரிமைச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும், ஆகவே கடன் பாக்கி இருக்கிறதா என்று தனியாகச் சோதியுங்கள். கார் பார்க்கில் சந்திக்கலாம் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.