சபை நண்பர் சொல்லும் பகிர்வுத் திட்டத்துக்காகக் கம்பெனி இன்ஷூரன்ஸை விடலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 41. மனைவி வீட்டில் இருக்கிறார். 7, 4 வயதில் இரண்டு பிள்ளைகள். ஆண்டு வருமானம் 85,000 டாலர். எனக்கு மட்டும் என்றால் இன்ஷூரன்ஸுக்குச் சம்பளத்தில் மாதம் 130 டாலர்தான் பிடிக்கிறார்கள். குடும்பத்தையும் சேர்த்தால் 1,150. சபை நண்பர் ஒருவர் கிறிஸ்தவ மருத்துவச் செலவுப் பகிர்வுத் திட்டத்தில் இருக்கிறார். மொத்தக் குடும்பத்துக்கும் 600 டாலரில் முடிகிறதாம். எனக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஓடுகிறது. இன்னொரு குழந்தைக்கும் ஆசை இருக்கிறது. மாறலாமா?

பதில்: நீங்கள் மாறாதீர்கள். மாதம் 130 டாலருக்குக் கிடைக்கிற உங்கள் காப்பீட்டை எந்தக் காரணத்துக்காகவும் விட வேண்டாம். மனைவி, பிள்ளைகள் கதை வேறு. அவர்களுக்கு 1,150-ஐ விடக் குறைவான வழி இருக்கலாம். ஆனால் அதைத் தேட வேண்டிய முதல் இடம் பகிர்வுத் திட்டம் இல்லை.

உறுப்பினர்கள் மாதம் ஒரு பங்கு போட்டு ஒருவர் பில்லை ஒருவர் கட்டும் இந்தத் திட்டங்களை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்ற கலாத்தியர் 6:2 வசனத்தை நம்பித் தொடங்கியவை அவை. கிறிஸ்டியன் ஹெல்த்கேர் மினிஸ்ட்ரீஸ் 1981-லும், மெடி-ஷேர் 1993-லும், சமாரிட்டன் மினிஸ்ட்ரீஸ் 1994-லும் ஆரம்பித்தவை, இன்றும் நடக்கின்றன. பணம் கைமாறும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு. முதலாவது, பங்குத்தொகையை ஒரே இடத்தில் வாங்கி உறுப்பினர்களின் பில்லுக்குக் கொடுக்கிறது. மெடி-ஷேரில் உங்கள் பெயரில் உள்ள கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போகும். சமாரிட்டனில் இந்த மாதம் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்வார்கள், நீங்கள் நேரே அந்தக் குடும்பத்துக்கே அனுப்புவீர்கள். காசோலையோடு ஜெபக் குறிப்பும் போகும். நோயில் கிடக்கும்போது முகம் தெரியாத நாற்பது ஐம்பது பேரிடமிருந்து அப்படிக் கடிதம் வருவது சாதாரண விஷயமில்லை.

ஆனாலும் இது காப்பீடு இல்லை. அவர்களே தங்கள் கையேட்டில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்: இது இன்ஷூரன்ஸ் அல்ல, உங்கள் பில் கட்டப்படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அந்த வரிக்கு முழு எடை உண்டு. கம்பெனி இன்ஷூரன்ஸ் ஒரு கிளைமை மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். உள்ளே தோற்றாலும் வெளியிலிருந்து ஒரு சுயேச்சை மதிப்பாய்வு கேட்கலாம். பகிர்வுத் திட்டம் மறுத்தால் அதன் சொந்த விதிப்படிதான் தீர்வு. ஒரு மாதம் தேவை அதிகமாகி, வந்த பங்கு போதாமல் போனால், ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. மீதி பில் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

அந்த வரியின் எடையை 2021-இல் பல குடும்பங்கள் உணர்ந்தார்கள். ஷாரிட்டி மினிஸ்ட்ரீஸ் என்ற திட்டம் அந்த ஆண்டு திவாலானது. அதை விற்ற அலியரா நிறுவனத்தின் மேல் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் 2019-இலேயே வழக்குப் போட்டிருந்தார். 2022-இல் கலிஃபோர்னியா போட்ட வழக்கில், உறுப்பினர்கள் கொடுத்த ஒவ்வொரு டாலரிலும் 16 சென்ட்தான் வைத்தியத்துக்குப் போனது என்று குற்றம் சாட்டினார்கள். தனிநபர் காப்பீட்டில் 80 சென்டாவது போக வேண்டும் என்பது சட்டம். மேலே சொன்ன மூன்று பழைய அமைப்புகளையும் இதோடு சேர்க்கக் கூடாது. ஆனால் பெயரில் ‘மினிஸ்ட்ரி’ என்று இருப்பதை மட்டும் நம்பிச் சேரவும் கூடாது. நண்பர் எந்தத் திட்டத்தில் இருக்கிறார், அது எத்தனை வருடமாக நடக்கிறது, தணிக்கைக் கணக்கை வெளியிடுகிறதா என்று கேளுங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மெட்ஃபார்மின் என்று எழுதினீர்களே, அங்கேதான் சிக்கல். சேரும் முன்பே இருக்கும் நோயைக் காட்டி கம்பெனி இன்ஷூரன்ஸ் உங்களை ஒதுக்க முடியாது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. பகிர்வுத் திட்டங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பழைய நோய்க்குச் சில வருடம் காத்திருக்கச் சொல்வார்கள், அல்லது தொகைக்கு ஒரு வரம்பு வைப்பார்கள், அல்லது சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். தினமும் போடும் மாத்திரைக்கு பெரும்பாலும் கைக்காசுதான். நாளைக்குச் சர்க்கரையால் கண்ணுக்கோ சிறுநீரகத்துக்கோ ஏதாவது வந்தால், அது பழைய நோயின் தொடர்ச்சியா இல்லையா என்ற வாக்குவாதத்தில் நீங்கள் மாட்டக்கூடும்.

அடுத்தது குழந்தை. சேர்ந்த பிறகு தரித்த கர்ப்பத்தை மட்டுமே பகிர்வது பொதுவான விதி. சிலர் சேர்ந்த நாளுக்கும் பிரசவத் தேதிக்கும் நடுவே இத்தனை நாள் வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பார்கள். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரம் இருக்க நேர்ந்தால் பில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகும். அந்தச் செலவுக்கு உச்சவரம்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் மனைவியை எந்தத் திட்டத்திலும் சேர்க்காதீர்கள். காப்பீட்டில் இருந்தால், குழந்தை பிறந்த 30 நாளுக்குள் கம்பெனியில் சொன்னாலே பிறந்த நாளிலிருந்து சேர்த்துவிடுவார்கள்.

இப்போது பணக்கணக்கு. 1,150-க்கும் 600-க்கும் நடுவே 550 மிச்சம் என்று நினைக்கிறீர்கள். கம்பெனி பிடிக்கும் தொகை பொதுவாக வரிக்கு முன்பே போய்விடும். உங்கள் வருமானத்துக்கு 12 சதவீத வருமான வரி, 7.65 சதவீத சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி. இரண்டையும் கழித்தால் 1,150 உங்கள் கையிலிருந்து உண்மையில் சுமார் 925 டாலர்தான். பகிர்வுத் திட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக மிச்சம் 325. அதிலும் தடுப்பூசி, பிள்ளைகளின் வருடாந்தரப் பரிசோதனை எல்லாம் சில திட்டங்களில் உங்கள் செலவு. மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் ஹெச்.எஸ்.ஏ. கணக்கில் பணம் போடும் தகுதியும் போய்விடும்.

அப்புறம் முதலில் தேட வேண்டிய இடம் எது? தனியே காப்பீடு வாங்குவோருக்கான அரசின் ஹெல்த்கேர்.கவ் சந்தை. அங்கே வருமானத்தைப் பார்த்து அரசு மானியம் கொடுக்கிறது. முன்பு கம்பெனி உங்கள் ஒருவருக்கு மலிவாகக் கொடுத்தால், குடும்பத்துக்கு எவ்வளவு விலை இருந்தாலும் மானியம் கிடையாது. 2023-இல் அந்த விதியை மாற்றிவிட்டார்கள். கம்பெனியின் ஆக மலிவான குடும்பத் திட்டம் குடும்ப வருமானத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டைத் தாண்டினால், மனைவியும் பிள்ளைகளும் தனியே மானியம் கேட்கலாம். 2026-க்கு அந்த அளவு 9.96 சதவீதம், உங்களுக்கு ஆண்டுக்கு 8,466 டாலர். நீங்கள் சொல்லும் 1,150 ஆண்டுக்கு 13,800. தாராளமாகத் தாண்டுகிறது. மானியம் எவ்வளவு என்பது மனைவியின் வயதையும் உங்கள் கவுண்டியையும் பொறுத்தது. விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: 2027 முதல் இந்த மானியம் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் என்று சிலருக்கு மட்டுமே. வேறொரு குறையும் உண்டு: காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை (டிடக்டிபிள்) உங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு வேறு என்று பிரிந்துவிடும்.

எல்லாம் பார்த்த பிறகும் மனமும் விசுவாசமும் பகிர்வுத் திட்டத்தின் பக்கம் இழுத்தால், ஆரோக்கியமான பிள்ளைகளை மட்டும் சேர்ப்பது பற்றி யோசிக்கலாம். அப்போதும் திரும்பி வரும் வழியை மனதில் வையுங்கள். இடையில் பிடிக்காமல் விலகினால், ‘காப்பீடு போய்விட்டது’ என்று சொல்லிச் சந்தையிலோ கம்பெனியிலோ சேர முடியாது; அது காப்பீடாகவே கணக்கில் வராது. அடுத்த பதிவுக் காலம் வரை காத்திருக்க வேண்டும். ஜூனில் விலகினால் ஜனவரி வரை வெறுங்கைதான். ஆஸ்பத்திரியிலும் சொந்தக் காசில் வரும் நோயாளியாகத்தான் பார்ப்பார்கள். அதில் ஒரு உரிமை உண்டு: 2022 முதல், முன்கூட்டித் தேதி வாங்கிய சிகிச்சைக்கு எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம், பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம்.

இந்த வாரம் ஹெச்.ஆரிடம் ஆக மலிவான குடும்பத் திட்டத்தின் விலையைக் கேட்டு வாங்குங்கள். சந்தையின் பதிவு நவம்பர் 1-இல் தொடங்குகிறது. டிசம்பர் 15-க்குள் சேர்ந்தால் ஜனவரி 1 முதல் காப்பீடு உண்டு. அங்கே மனைவி, பிள்ளைகள் மூவருக்கும் விலை போட்டுப் பார்த்து, கையில் வாங்கி வைத்த பிறகே கம்பெனியில் அவர்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.