சூடாகும் கடலில் பேய்க்கணவாயின் முட்டை: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நிலாவெளி முதல் மூதூர் வரை கடலோடு பழகுகிற பலர் அனுப்பிய கேள்விகள் இவை. உயிரியல் கற்பிப்பவள் என்ற முறையிலும், கணவாய் இனங்களைப் பற்றி விடாமல் வாசித்து வருபவள் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன். ஒக்டோபஸை நாம் அழைக்கிற பேய்க்கணவாய் என்ற பெயரையே பயன்படுத்தியிருக்கிறேன்.

சுழியோடி மீனவர், நிலாவெளி: தண்ணீர் சூடானால் பேய்க்கணவாய் ஆழத்துக்குப் போய்விடும்தானே, டீச்சர்? பிறகு என்ன கவலை?

வளர்ந்தது போகும், அண்ணன். முட்டை போகாது. முட்டையிட்ட தாயும் போகாது.

நமது முருகைக்கல் பாரில் வாழும் பெரிய வகையான ஒக்டோபஸ் சயனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மணியைவிடச் சிறிய முட்டைகளை இழைகளாகக் கோத்து, பொந்தின் மேற்புறத்தில் தொங்கவிடுகிறது. ஒரு தாய் இடும் முட்டைகள் ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடும். பிறகு அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. உறிஞ்சிகளால் இழைகளை வருடித் தூசும் பாசியும் படியாமல் பார்த்துக்கொள்கிறது. உடம்பிலுள்ள புனல் போன்ற குழாய் வழியாக ஓயாமல் தண்ணீரைப் பீய்ச்சி முட்டைகளுக்கு ஒட்சிசன் கொடுக்கிறது. உணவும் எடுப்பதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த சத்தை எரித்தே குஞ்சு வெளிவரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நீர் சூடாகும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கடி வருகிறது. சூடான நீரில் கரையும் ஒட்சிசன் குறைவு. சூட்டில் தாய்க்கும் முட்டைக்குள் வளரும் முளையத்துக்கும் தேவைப்படும் ஒட்சிசனோ அதிகம். தாயின் கையிருப்பும் வேகமாகக் கரைகிறது. குஞ்சு பொரிப்பதற்கு முன் தாய் இறந்தால் அந்த முட்டைகளைக் காக்க வேறு யாரும் இல்லை. மீனுக்கு அடுத்த பருவம் உண்டு. பேய்க்கணவாய்க்கு வாழ்நாளில் ஒரே ஈற்றுதான்.

உயர்தர மாணவி, உப்புவெளி: வெப்பம் அதன் மரபணுவையே மாற்றிவிடுகிறதா, டீச்சர்?

மரபணு அப்படியேதான் இருக்கிறது, தங்கச்சி. எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதே மாறுகிறது. ஒரு மரபணு வேலை செய்தால் அதற்குரிய புரதம் உருவாகும். ஆகவே முட்டைக்குள் இருக்கும் புரதங்களை அளந்தால் சூடு எங்கே கைவைத்தது என்று தெரிந்துவிடும்.

அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். 2023 இல் வெளியான ஆய்வு அது. ஒக்டோபஸ் பெரிமா என்ற தென் அவுஸ்திரேலிய இனத்தின் முட்டைகளை 19, 22, 25 பாகை செல்சியஸில் வளர்த்தார்கள். 22 என்பது அந்தக் கடலின் இன்றைய கோடை வெப்பநிலை. 25 என்பது இந்த நூற்றாண்டின் முடிவில் எதிர்பார்க்கப்படும் கோடை. 25 பாகையில் மூன்று தாய்களில் இருவரின் முட்டைகள் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. முட்டைகள் வளர்ச்சியின் தொடக்கத்தில் இருக்கும்போதே அந்தத் தாய்கள் இறந்துவிட்டன. மூன்றாவது தாயிடம் பாதிக்கும் குறைவான முட்டைகளே பொரித்தன.

சூட்டில் வளர்ந்தவற்றின் நிலையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கண் வில்லையைத் தெளிவாக வைத்திருக்கும் எஸ்-கிறிஸ்டலின் புரதங்களும், கண்ணின் நிறப்பொருளை மறுபடி உருவாக்க உதவும் ஒரு நொதியமும் அவற்றில் குறைந்திருந்தன. பேய்க்கணவாய் முட்டையின் மெல்லிய தோலுக்குள் முதலில் நம் கண்ணுக்குத் தெரிவதே இரண்டு கரும்புள்ளிகள், அதன் கண்கள். இரை தேடுவதும் எதிரியிடமிருந்து ஒளிவதும் நிறம் மாற்றுவதும் பார்வையை நம்பித்தான். பிறந்த அன்றே யாருடைய துணையும் இல்லாமல் வேட்டையாட வேண்டிய உயிருக்குக் கண் மங்கினால் என்ன ஆகும்?

கண் ஏன் பலியாகிறது? சூடு ஏறும்போது கலத்தில் உள்ள புரதங்கள் மடிப்புக் குலைகின்றன. அவற்றைத் தாங்கிப் பிடிக்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்கான மரபணுக்கள் முழு மூச்சில் இயங்குகின்றன. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் மருந்துக்குப் போகும் அல்லவா, அதுபோல வளர்ச்சிக்கு ஒதுக்கிய சக்தி உயிர்காப்புக்குத் திரும்பிவிடுகிறது.

கடலுணவு வியாபாரி, கிண்ணியா: முட்டையிட்டதும் தாய் சாப்பாட்டை விட்டுவிடுவது ஏன்? அதற்கும் சூட்டுக்கும் தொடர்பு உண்டா?

நல்ல இடத்தைத் தொட்டீர்கள், நானா. மூளைக்கும் கண்ணுக்கும் இடையில் பார்வைச் சுரப்பி என்று இரண்டு சிறிய சுரப்பிகள் உள்ளன. 1977 இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் அடைகாக்கும் தாய்களிலிருந்து அவற்றை அகற்றிப் பார்த்தார். தாய்கள் முட்டைகளை விட்டுவிட்டு மறுபடியும் இரை தின்னத் தொடங்கின. நீண்ட நாள் வாழ்ந்தன. 2022 இல் வெளியான ஆய்வு, இனச்சேர்க்கைக்குப் பிறகு அந்தச் சுரப்பியில் கொலஸ்திரோலோடு தொடர்புடைய மூன்று வேதிப்பாதைகள் தீவிரமடைவதைக் காட்டியது. அவற்றில் உருவாகும் பொருள்களில் ஒன்று, 7-டீஹைட்ரோகொலஸ்திரோல், மனித உடலில் அளவுக்கு மீறினால் நச்சு. தாய் தன் கைகளைத் தானே கடிக்கும் நிலைக்குப் போவதை இதோடு இணைத்துப் பார்க்கிறார்கள்.

ஆக, தாயின் மரணம் மரபணுவிலேயே எழுதப்பட்ட கணக்கு. சூடு அந்தக் கணக்கின் நாள்களைச் சுருக்குகிறது. மெக்சிகோவின் யுகட்டான் கரையில் மட்டும் வாழும் ஒக்டோபஸ் மாயா இன்னொரு பாடம் தருகிறது: நீர் 27 பாகையைத் தாண்டினால் பல பெண்கள் முட்டையிடுவதையே நிறுத்திக்கொள்கின்றன. சூட்டில் இருந்த தாய்க்குப் பிறந்த குஞ்சுகள், முட்டைகள் பிறகு குளிர்ந்த நீரில் வளர்ந்தாலும், சிறியவையாக இருந்தன. ஆனால் அந்த 27 ஐ நம் கடலுக்குப் பொருத்த வேண்டாம். நம் கரையோர நீர் வழமையாகவே அதைத் தாண்டுகிறது. இங்குள்ள இனங்கள் அதற்குப் பழகியவை. ஒவ்வோர் இனத்துக்கும் அதனதன் எல்லை உண்டு. வெப்ப நாட்டு இனங்கள் ஏற்கெனவே தம் எல்லைக்கு அருகில் வாழ்கின்றன என்பதுதான் எனக்குக் கவலை.

அதே வியாபாரி: ஆணுக்கு ஒன்றும் இல்லையா?

உண்டு. 30 பாகையில் வைத்த ஒக்டோபஸ் மாயா ஆண்களின் விதையில், அதாவது விந்தை உருவாக்கும் உறுப்பில், சேதம் காணப்பட்டது.

வளாக மாணவர், கோணேசபுரி: பேய்க்கணவாய் தன் ஆர்.என்.ஏ.வைத் தானே திருத்தும் என்று படித்தேன், மிஸ். அது சூட்டிலிருந்து காப்பாற்றாதா?

அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது, தம்பி. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: டி.என்.ஏ.யிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.யில் ஓர் எழுத்தை மாற்றி, மூல மரபணுவைத் தொடாமலே வேறு புரதத்தை உருவாக்கும் திறமை இது. 2023 இல் கலிபோர்னியாவின் இரட்டைப்புள்ளிப் பேய்க்கணவாயை 13 பாகையிலும் 22 பாகையிலும் வைத்து ஒப்பிட்டார்கள். திருத்தம் நடக்கும் இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, அதாவது 20,000 இடங்களுக்கு மேல், வெப்பநிலைக்கு ஏற்ப மாறின. வியப்பான செய்திதான். ஆனால் திருத்தம் பெருகியது குளிரில். சூட்டில் அது குறைகிறது. மேலும், பார்த்தது வளர்ந்த விலங்கின் நரம்புத் தொகுதியை, முட்டையை அல்ல. குளிருக்கான கருவியைக் காட்டி வெப்பத்துக்கு ஆறுதல் சொல்லக் கூடாது.

பாடசாலை மாணவன், மூதூர்: ஆமை முட்டை சூடானால் பெண் குஞ்சு அதிகம் என்கிறார்கள். பேய்க்கணவாய்க்கும் அப்படியா?

இல்லை, மகன். பேய்க்கணவாயில் ஆணா பெண்ணா என்பதை நிறமூர்த்தம் தீர்மானிக்கிறது. இசட் நிறமூர்த்தம் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. இது 2025 இல் வெளியான கண்டுபிடிப்பு.

புறாத்தீவுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் படகோட்டி: சூடு எப்போதுமே கெடுதல்தானா? உலகத்தில் கணவாய் இனம் பெருகுகிறது என்றும் சொல்கிறார்களே?

இரண்டும் நியாயமான கேள்வி. 1953 முதல் 2013 வரையிலான தரவுகளைப் பார்த்த ஓர் ஆய்வு, கணவாய், பேய்க்கணவாய் இனங்கள் பெருகியிருப்பதாகச் சொன்னது உண்மை. வேகமாக வளர்ந்து இளமையிலேயே இனம் பெருக்குவது அவற்றின் பலம். அளவான சூடு நன்மையும் செய்யும். கலிபோர்னியாவுக்கு அப்பால், 3,200 மீற்றர் ஆழத்தில், டேவிட்சன் கடல்மலை அருகே ஆயிரக்கணக்கான தாய்கள் வெந்நீர்க் கசிவுகளின் ஓரத்தில் அடைகாக்கின்றன. சுற்றுநீர் 2 பாகைக்கும் குறைவு, கசிவில் 10 பாகை அளவு. அதனால் பல ஆண்டுகள் எடுக்கக்கூடிய முட்டை இரண்டு ஆண்டுக்குள் பொரிக்கிறது. எல்லைக்குக் கீழே சூடு உதவுகிறது. எல்லையைத் தாண்டியதும் அதே சூடு தாயை முந்திக்கொள்கிறது. நம் கரை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே கேள்வி. 1998 இல் தென்கரை முருகைக்கற்கள் வெளிறி இறந்தது நினைவிருக்கும். முருகைக்கல் அழிந்தால் முட்டையைத் தொங்கவிடப் பொந்தும் இல்லை.

மீனவர், குச்சவெளி: கடலை நாங்கள் குளிர்விக்க முடியாது. செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு, அண்ணன். மடகஸ்காரின் அந்தாவதோவாக்கா மீனவர்கள் 2004 முதல் சில பார்களைப் பேய்க்கணவாய் பிடிக்காமல் சில மாதங்கள் மூடிவைக்கிறார்கள். அங்கும் பிடிபடுவது நம்முடைய அதே ஒக்டோபஸ் சயனியாதான். மறுபடி திறக்கும்போது பெரியவை கிடைத்ததால் பக்கத்துக் கிராமங்களும் அதைப் பின்பற்றின. இங்கே அப்படி மூடுவதற்குச் சங்கங்கள் ஒன்றுகூடிப் பேச வேண்டும்.

அதற்கு முன்பே ஒவ்வொரு சுழியோடியும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பொந்தின் வாயில் கற்களை அடுக்கி அடைத்து, உள்ளே ஒடுங்கி, நண்டைக் காட்டினாலும் வெளியே வராமல் இருந்தால் அது அடைகாக்கும் தாயாக இருக்கக்கூடும். கம்பியால் கிளற வேண்டாம். பட்டினியில் மெலிந்த உடம்பு அது, எடையும் நிற்காது, விலையும் நிற்காது. பக்கத்துப் பொந்தைப் பாருங்கள்.